அந்த இடது காது மட்டும் நான்தான்

இதைப் பத்தி எழுத வேணாம்னுதான் இருந்தேன். நான் மாடலா நின்ன ஒரு விளம்பரப் படத்தையும், ஸ்டுடியோவுல எடுத்த அதோட ஒரிஜினலையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் போட்டேன், ஒரு வரிகூட எழுதல, பாக்கிறவங்களுக்கே புரியும்னு விட்டேன். புரிய வேண்டியவங்களுக்குப் புரிஞ்சது. மத்தவங்க ராத்திரியெல்லாம் இன்பாக்ஸ்ல உக்காந்து எனக்கு மாடலிங் கத்துக் கொடுக்கிறாங்க. அதனால இந்த நீளப் பதிவு, பொறுத்துக்கோங்க.

அந்த விளம்பரத்துல இருக்கிறது நான் இல்ல. என் மூக்கு, என் கண்ணு, நான் நின்ன நிலை எல்லாம் இருக்கு. நிறம் என்னுது இல்ல. முகம், கழுத்து, கை எல்லாத்தையும் ரெண்டு மூணு ஷேட் வெளுப்பாக்கியிருக்காங்க. கம்ப்யூட்டர்ல படத்தை ரீடச் பண்ணவருக்கு என்ன அவசரமோ, முடிக்குப் பின்னாடி இருந்த இடது காதையும் விரல் முட்டிகளையும் விட்டுட்டார். பெரிசாக்கிப் பாருங்க. தாடை ஒரு நிறம், காது ஒரு நிறம், நடுவுல கோடு கிழிச்ச மாதிரி இருக்கும்.

"அது லைட்டிங்மா, உனக்குத் தெரியாது" என்று ஒரு அண்ணன். அண்ணே, அந்த ஸ்டுடியோவுல நான் இருந்தேன், நீங்க இல்ல. வெளிச்சம் முகத்துல விழும், காதுல விழாதா? அன்னைக்குப் படம் எடுத்தவர் கருப்புத் தோலை எடுக்கத் தெரிஞ்சவர். கேமரா மீட்டர் சொல்றதை அப்படியே நம்பினா கருப்புத் தோல் வெளுத்துப் போகும்னு, அது சொன்ன வெளிச்ச அளவைக் குறைச்சு வச்சார். வெளிச்சத்தை மென்மையாக்குற பெரிய சாஃப்ட்பாக்ஸைப் பக்கவாட்டுல வச்சு, கன்ன எலும்பு மேல மட்டும் ஒரு மினுமினுப்பு வர்ற மாதிரி எடுத்தார். மானிட்டர்ல அந்த ஃப்ரேமைப் பாத்தப்போ எனக்கே என்னைப் பிடிச்சுது. இந்தத் தொழில்ல அது அடிக்கடி நடக்கிற விஷயம் இல்ல. அந்தப் படத்தைத்தான் கெடுத்து வச்சிருக்காங்க.

லைட்டிங் பேசுறவங்களுக்கு இன்னொண்ணு. கலர் ஃபிலிம் காலத்துல லேப்ல நிறம் சரியா வருதான்னு பாக்க கோடாக் ஃபிலிம் கம்பெனி ஒரு அட்டை கொடுக்கும், 'ஷர்லி கார்டு'ன்னு பேரு. அதுல இருந்தது வெள்ளைக்காரப் பெண். அவங்க தோல் சரியா வந்தா எல்லாம் சரி. கருப்பு முகங்கள் இருட்டா விழுந்ததுக்கு யாரும் ஃபிலிமை மாத்தல. சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும் எங்க பொருளோட பழுப்பு நிறம் ஒழுங்கா விழலைன்னு புகார் பண்ணப்போதான் கோடாக் அசைஞ்சது. நாற்காலிக்குக் கிடைச்ச மரியாதை!

அடுத்தது எல்லாரும் கேக்கிற கேள்வி. "மேக்கப் போடுற, விக் வைக்கிற, லென்ஸ் போடுற. அதெல்லாம் பொய் இல்லையா?"

இல்ல. ஒரு நாள் ராணி மாதிரி நிப்பேன், ஒரு நாள் திருடி மாதிரி நிப்பேன், ஒரு நாள் புருவமே இல்லாம நிப்பேன். அந்த விளையாட்டுக்காகத்தான் இந்த வேலைக்கே வந்தேன். அதுல எனக்குத் தெரியாம எதுவும் நடக்கிறதில்ல. கண்ணாடி முன்னாடி நான் உக்காந்திருக்கேன், பிடிக்கலைன்னா வாயைத் திறந்து சொல்றேன். இந்த மாற்றம் நான் வீட்டுக்குப் போன பிறகு நடந்தது. வித்தியாசம் அதுதான்.

மேக்கப்னு வந்ததால சொல்றேன். தொழிலுக்கு வந்த புதுசுல ஒரு ஷூட். மேக்கப் போட வந்தவங்க பெட்டியில இருந்ததிலேயே அடர்ந்த ஃபவுண்டேஷனை எடுத்துப் புறங்கையில தடவி என் கழுத்தோட ஒட்டிப் பாத்தாங்க. கழுத்து அதைவிடக் கருப்பு. சுத்தி இருந்தவங்க சிரிச்சாங்க. அதையே பூசி அனுப்பினாங்க, ஃப்ளாஷ் அடிச்சதும் முகம் சாம்பல் பூத்த மாதிரி ஆயிடுச்சு. "ஸ்கின் டல்லா இருக்கு, தண்ணி நிறைய குடி"ன்னு எனக்கு அறிவுரை வேற. அப்போலேருந்து என் நிறத்துக்கான ஃபவுண்டேஷன் பாட்டில் இல்லாம நான் ஷூட்டுக்குப் போறதில்ல. 'உங்க ஷேடுக்கு மார்க்கெட் இல்ல'ன்னு சொல்லிட்டிருந்தவங்க, 2017-ல பாடகி ரிஹானாவோட ஃபென்டி பியூட்டி மேக்கப் பிராண்ட் 40 ஃபவுண்டேஷன் ஷேடோட வந்ததும் திடீர்னு எங்களைக் கண்டுபிடிச்சாங்க. சந்தோஷம்.

"காசு வாங்கினேல்ல?" வாங்கினேன். வேலை பாத்தேன், வாங்கினேன். கையெழுத்தும் போட்டேன். படத்துல மாற்றம் பண்ணலாம்னு அந்தக் காகிதத்துல இருக்கு, சட்டப்படி அவங்க பக்கம் சரியாவே இருக்கலாம். நான் கேஸ் போடல. இது நான் இல்லைன்னு சொல்றேன், அவ்வளவுதான்.

"இதுக்கெல்லாமா சட்டம் போட முடியும்?" போட்டிருக்காங்களே. பிரான்ஸ்ல 2017 அக்டோபர்லேருந்து, மாடலோட உடம்பை ஒல்லியாவோ குண்டாவோ மாத்தின விளம்பரப் படத்துல 'திருத்தப்பட்ட படம்'னு போடணும். அதுல நிறத்தைப் பத்திப் பேச்சே இல்ல. நார்வேயில 2022 ஜூலைலேருந்து இருக்கிற விதியில உடம்பு அளவோட தோலும் சேரும். ஆக, நான் புதுசா எதையும் கேட்டுடல.

"திறமை இருந்தா நிறம் ஒரு தடையே இல்ல, நவோமி கேம்ப்பெல் இல்லையா?" இந்தப் பேரைச் சொல்லாம ஒருத்தரும் வாதம் பண்றதில்ல. பெரிய பிரிட்டிஷ் மாடல், 1988-ல பிரெஞ்சு வோக் ஃபேஷன் பத்திரிகை அட்டையில வந்த முதல் கருப்பினப் பெண் அவங்க. எப்படி வந்தாங்கன்னு அவங்களே சொல்லியிருக்காங்க: விளம்பரத்தை நிறுத்திடுவேன்னு டிசைனர் ஈவ் செயின்ட் லாரன்ட் மிரட்டின பிறகுதான். நவோமிக்கே அந்தப் பரிந்துரை வேண்டியிருந்தது. என்கிட்ட வந்து திறமைன்னு பேசுறீங்க.

இப்போ நான் எதுக்கு இவ்வளவு கொதிக்கிறேன்னு சொல்லிடறேன். அந்த விளம்பரம் வந்த அன்னைக்கு ஒரு பொண்ணுகிட்டேருந்து மெசேஜ். ஸ்கூல் படிக்கிறா. "அக்கா, முன்னாடியைவிட ரொம்ப கலரா ஆயிட்டீங்க, என்ன கிரீம் போடுறீங்க, நானும் வாங்கணும்." இதயம் ரெண்டு போட்டிருக்கா. என்னை மாதிரி ஒருத்தி ரேம்ப்ல நடக்கிறாளேன்னு என்னைப் பின்தொடர்ந்தவ அவ. அவளுக்கு நான் கொடுத்த செய்தி, ஜெயிச்சா வெளுத்துடலாம்!

வெளுக்க வைக்கிற கிரீம்கள்ல பாதரசம் கலந்தவை இன்னும் விக்குது, சிறுநீரகத்தைக் கெடுக்கும்னு உலக சுகாதார நிறுவனம் எச்சரிச்சிருக்கு. பாதரசம் சேர்த்த அழகுப் பொருட்களை 2020-க்குள்ள நிறுத்தணும்னு, பாதரசத்தைக் கட்டுப்படுத்த நாடுகள் போட்ட மினமாட்டா ஒப்பந்தத்துலயே இருக்கு. அவ கடையில போய் எதை வாங்குவா? யார் பதில் சொல்றது? ரீடச் பண்ணவரா? கம்பெனியா? அவ கேட்டது என்னை. 'மாடலுக்கு எதுக்கு சமூக அக்கறை, நடந்துட்டுப் போ'ன்னு எழுதினவங்க வந்து அவளுக்குப் பதில் போடுங்களேன்.

நான் போட்டுட்டேன். ஒரிஜினல் படத்தை அனுப்பி, "எந்தக் கிரீமும் இல்லடா, கம்ப்யூட்டர்"னு எழுதினேன். "ஓ" ன்னு மட்டும் பதில் வந்தது. நம்பினாளான்னு தெரியல.

'பப்ளிசிட்டிக்காகப் பண்றா'ன்னு சொல்றவங்களுக்கு: அந்த ரெண்டு படத்தைப் போட்டதுக்கு அப்புறம் ஒரு வேலை கைநழுவிப் போயிடுச்சு. அழகான பப்ளிசிட்டி. அடுத்த ஒப்பந்தத்துல 'தோல் நிறத்தை மாத்தக் கூடாது'ன்னு ஒரு வரி சேர்க்கச் சொல்லி ஏஜென்சிக்கு எழுதியிருக்கேன். முடியாதுங்கிறவங்க வேற ஆளைப் பாத்துக்கட்டும். ஏற்கெனவே வெள்ளையா இருக்கிறவங்களையே பாத்துக்கிட்டா ரீடச் செலவாவது மிச்சம்.

ஆறுதல் சொல்ல வர்றவங்க, 'கருப்பா இருந்தாலும் களையா இருக்க'ன்னு மட்டும் எழுதாதீங்க. அந்த 'இருந்தாலும்' கேட்டுக் கேட்டு அலுத்துப் போச்சு. திட்ட வர்றவங்க என்னைத் திட்டுங்க. அம்மாவோட நிறத்தை இழுத்த கமெண்ட் எல்லாம் டெலீட் பண்ணியாச்சு, இனிமே வந்தா பிளாக்.