கேட்டுவிட்டு எடுக்கலாமே

பொது இடத்தில் படுத்திருக்கும் வீடற்றவரைப் படம் எடுக்க அனுமதி தேவையில்லை என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கோலாலம்பூர் மஸ்ஜிட் ஜாமெக் பக்கத்து அஞ்சடி (கடைகளின் முன்னுள்ள கூரையிட்ட நடைபாதை) நமக்குக் கடந்து போகும் வழி. அங்கே அட்டை விரித்துப் படுப்பவருக்கோ அதுதான் படுக்கையறை. சில ஆண்டுகளுக்கு முன் அங்கே உணவு கொடுக்கப் போனபோது, எங்களுடன் வந்தவர் கைப்பேசியை உயர்த்தியதும், பெரியவர் ஒருவர் வாங்கிய பொட்டலத்தாலேயே முகத்தை மறைத்துக்கொண்டு, "கிள்ளான்ல பிள்ளைங்க நான் வேலையில இருக்கேன்னு நினைச்சிட்டிருக்காங்க, தம்பி" என்றார். படத்தை அழித்துவிட்டோம், ஆனாலும் மறுவாரம் அவர் வரவில்லை.

கட்டுரை சான்று காட்டும், அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் டோரத்தியா லாங் 1936இல் எடுத்த ஏழைத் தாயின் படத்தையே எடுத்துக்கொண்டாலும், பெயர்கூடக் கேட்கப்படாத அந்தத் தாய், தன்னைப் படம் எடுக்காமலே இருந்திருக்கலாம் என்று 1978இல் வருந்தினார்.

நம் மலேசியாவில் இன்னொரு சிக்கலும் உண்டு (இதைக் கட்டுரை தொடவே இல்லை). 1977ஆம் ஆண்டின் ஆதரவற்றோர் சட்டப்படி, தெருவில் இருப்பவரை அதிகாரிகள் அழைத்துச் சென்று மாஜிஸ்திரேட் முன் நிறுத்தி நல இல்லத்துக்கு அனுப்ப முடியும் என்பதால், கடைப் பலகையோடு முகமும் தெரியும்படி நாம் பதிவேற்றும் படம், அவர் எங்கே படுக்கிறார் என்று காட்டிக்கொடுப்பதாகவும் ஆகிவிடலாம்.