லேப்டாப்புக்குப் பணம் உண்டு, சொல்லித்தருபவருக்குச் சம்பளம் கிடையாது

பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லித்தரும் தொண்டு நிறுவனங்களுக்கு கார்ப்பரேட் கம்பெனிகள் நிதி கொடுப்பதைப் பற்றி வழக்கமாக ஒரு சண்டை நடக்கும். "எல்லாம் வெறும் விளம்பரம்" என்பார் ஒருவர். "யார் கொடுத்தால் என்ன, பிள்ளை படித்தால் சரி" என்பார் இன்னொருவர். எனக்கு இந்தச் சண்டையில் பெரிய ஆர்வம் இல்லை. கம்பெனி எந்த எண்ணத்தில் கொடுக்கிறது என்பது அவர்கள் பாடு. கொடுத்த பணத்தை எதற்குச் செலவழிக்க விடுகிறார்கள், எதற்கு விடுவதில்லை என்பதுதான் வகுப்பறையில் நடப்பதைத் தீர்மானிக்கிறது. அதைப் பற்றி வெளியே யாரும் பேசுவதில்லை. காரணம், அது எக்செல் ஷீட்டுக்குள் நடந்து முடிந்துவிடுகிறது.

நான் மென்பொருள் வேலையில் இருப்பவன். நேரம் கிடைக்கும்போது சிறிய தொண்டு நிறுவனங்களுக்கு, கம்பெனிகளிடம் நிதி கேட்கும் ப்ரபோசல் எழுதிக் கொடுப்பேன். அப்படி ஒரு பெரிய கம்பெனிக்கு அனுப்பிய பட்ஜெட் திருத்தங்களோடு திரும்பி வந்தது. லேப்டாப், ப்ரொஜெக்டர், ரோபாட்டிக்ஸ் கிட், தொடக்க விழா, பேனர், மாணவர்களுக்கு டி-ஷர்ட், எல்லா வரிகளும் பச்சை. 'பயிற்றுநர் சம்பளம், இருவர், முழுநேரம்' என்ற வரி மட்டும் மஞ்சள். ஓரத்தில் ஒரு குறிப்பு: "இதை வாலண்டியர்களை வைத்துச் செய்ய முடியாதா?" அதற்குக் கீழே 'ஒருங்கிணைப்பாளர்' என்ற வரி சிவப்பு. அதற்குக் குறிப்புகூட இல்லை. டி-ஷர்ட் பச்சை என்பதை மட்டும் தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

போனில் பேசினோம். அந்த அதிகாரி நல்ல மனிதர்தான். "சார், சம்பளம்னு போட்டா கமிட்டியில நிக்காது. 'பயிற்சி நடத்தும் செலவு'ன்னு மாத்திப் போடுங்க, கொஞ்சம் குறைச்சும் போடுங்க, நான் பாத்துக்கறேன்" என்றார். அப்படித்தான் போட்டோம். இந்தத் துறையில் எல்லோரும் அப்படித்தான் போடுகிறார்கள். 2009-இல் ஆன் கிரெகரி, டான் ஹோவர்ட் என்ற இருவர் இதை அமெரிக்கத் தொண்டு நிறுவனங்களை வைத்து விளக்கி, 'பட்டினிச் சுழல்' என்ற பொருளில் ஒரு பெயரும் வைத்தார்கள். நிர்வாகச் செலவு மிகக் குறைவாக இருக்க வேண்டும் என்று நிதி கொடுப்பவர் எதிர்பார்க்கிறார். பெறுபவர் பயந்துபோய் உண்மைச் செலவைக் குறைத்துக் காட்டுகிறார். காட்டிய கணக்கைப் பார்த்துவிட்டு, "இவ்வளவிலேயே நடத்த முடிகிறதே" என்று அடுத்த முறை இன்னும் குறைவாக எதிர்பார்க்கிறார்கள். பொய் சொல்ல வைத்துவிட்டு அந்தப் பொய்யையே அளவுகோலாக வைத்துக்கொள்வது என்று நான் சொல்வேன்.

சரி, பொருளுக்கு மட்டும் ஏன் இவ்வளவு சுலபமாகப் பணம் கிடைக்கிறது? பொருளை எண்ணலாம், போட்டோ எடுக்கலாம், நிதியாண்டு முடிவதற்குள் பில்லோடு கணக்கை முடித்துவிடலாம். ஒரு ஆசிரியர் பதினொரு மாதம் தினமும் வந்து, ஒரு பெண் பிள்ளைக்கு, ஒரே கட்டளையைத் திரும்பத் திரும்ப ஓட்டும் 'லூப்' ஏன் நிற்காமல் ஓடுகிறது என்று புரிய வைத்ததை எந்தப் போட்டோவில் பிடிப்பது?

பொருளாவது ஒழுங்காக வருகிறதா என்றால், அதிலும் ஒரு கூத்து உண்டு. கம்பெனிகள் தங்கள் பழைய லேப்டாப்களைத் தானமாகக் கொடுக்கும். தகவல் பாதுகாப்பு விதிப்படி ஹார்ட் டிஸ்கைக் கழற்றி அழித்துவிட்டுத்தான் வெளியே அனுப்புவார்கள். விதி நியாயமானது, நானும் அதைத்தான் செய்வேன். ஆனால் வந்து சேர்வது டிஸ்க் இல்லாத உடல். சிலவற்றுக்கு சார்ஜர் இருக்காது, பாதிக்கு பேட்டரி உப்பியிருக்கும். சிலவற்றில் பயாஸ் பாஸ்வேர்டு (லேப்டாப்பை இயக்கவே விடாத பூட்டு) போட்டே அனுப்பியிருப்பார்கள், அதை எடுத்துத் தரச் சொல்லிக் கேட்டால் அந்த ஐ.டி. பிரிவு ஆள் வேறு வேலைக்குப் போயிருப்பார். புது டிஸ்க் வாங்க, ஆபரேட்டிங் சிஸ்டம் போட, அடுத்த மாதம் கெட்டுப்போவதைச் சரிசெய்ய பட்ஜெட்டில் எந்த வரியும் இருக்காது. கம்பெனியின் ஆண்டறிக்கையில் மட்டும் அத்தனை லேப்டாப்பும் முழுசாக ஓடிக்கொண்டிருக்கும்.

பொருளை மட்டும் கொடுத்தால் என்ன ஆகும் என்று உலக அளவிலேயே ஒரு முறை பார்த்துவிட்டோம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிக்கலஸ் நெக்ரோபோன்டே 2005-இல் 'ஒரு பிள்ளைக்கு ஒரு லேப்டாப்' என்ற திட்டத்தை அறிவித்தார். ஏ.எம்.டி., கூகுள், ரெட் ஹாட் போன்ற கம்பெனிகள் தொடக்கப் பணம் போட்டன. வாங்கியவை பெரும்பாலும் அரசாங்கங்கள். அதிகமாக வாங்கிய நாடுகளில் ஒன்று பெரு. அங்கே கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகள் 319-ஐ எடுத்துக்கொண்டு அமெரிக்கக் கண்டங்களுக்கான வளர்ச்சி வங்கி ஆய்வு செய்து 2012-இல் முடிவை வெளியிட்டது. முன்பு எட்டு மாணவருக்கு ஒரு கம்ப்யூட்டர் என்ற நிலை. திட்டம் வந்த பள்ளிகளில் ஆளுக்கு ஒன்றுக்கும் மேல். கணக்கிலும் மொழிப் பாடத்திலும் மதிப்பெண் உயர்ந்ததா? இல்லை. பிள்ளைகள் அந்த லேப்டாப்பைக் கையாளக் கற்றுக்கொண்டார்கள், சிந்தனைத் திறன் சோதனைகளில் கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது. அவ்வளவுதான். பெரும்பாலான பள்ளிகளில் இணையம் இல்லை. பாடத்தோடு இணைத்துப் பயன்படுத்த ஆசிரியருக்குப் போதிய வழிகாட்டல் இல்லை. பச்சை நிற இயந்திரம் மட்டும் இருந்தது.

எதிர்ப்பக்கம் ஒரு உதாரணம் இருக்கிறது, இது நம்மில் பலருக்குத் தெரியாது. 1993-இல் பாஸ்டன் நகரக் கம்ப்யூட்டர் அருங்காட்சியகத்தில் 'கம்ப்யூட்டர் க்ளப்ஹவுஸ்' என்று ஓர் இடம் தொடங்கினார்கள். எம்.ஐ.டி.யின் மிட்செல் ரெஸ்னிக், நடாலி ரஸ்க் ஆகியோர் இதன் பின்னால் இருந்தார்கள். வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகள் பள்ளி முடிந்ததும் வந்து, பிடித்ததைச் செய்துகொண்டிருக்கலாம். பரீட்சை கிடையாது. ஆனால் எப்போதும் ஒரு ஒருங்கிணைப்பாளர் இருப்பார், வழிகாட்டிகள் வந்து போவார்கள். ஆமாம், எங்கள் ஷீட்டில் சிவப்பு அடித்தார்களே, அதே ஒருங்கிணைப்பாளர். 2000-இல் இன்டெல் கம்பெனி இந்த மாதிரியை எடுத்து உலகம் முழுக்க நூறு இடங்கள் திறக்கப் பண உதவி செய்வதாக முன்வந்தது, பல ஆண்டுகள் கூடவும் இருந்தது. அங்கே வந்த பிள்ளைகள் படமும் இசையும் விளையாட்டும் செய்ய ஆசைப்பட்டார்கள், ஆனால் அதற்கேற்ற சுலபமான நிரல் மொழி இல்லை. அந்தக் குறையை நேரில் பார்த்தவர்கள்தான் அதற்காக ஒரு மொழியை உருவாக்கி 2007-இல் வெளியிட்டார்கள். இன்று உலகமெங்கும் பள்ளிகளில் பயன்படும் 'ஸ்க்ராட்ச்' அதுதான். அதை உருவாக்க முக்கியமாகப் பணம் கொடுத்தது அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் அறக்கட்டளை, கம்பெனி அல்ல. ஆனாலும் பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் வந்துபோக ஓர் இடமும் அங்கே ஒரு ஆளும் இருந்ததால்தான் அந்தத் தேவை கண்ணில் பட்டது. ஓராண்டு நிதியில் லேப்டாப் கொடுத்துவிட்டு டி-ஷர்ட் போட்டு போட்டோ எடுத்துவிட்டுப் போயிருந்தால் எதுவும் பட்டிருக்காது.

அடுத்த தொல்லை, பயனாளிகள் எண்ணிக்கை. எல்லா ப்ரபோசலிலும் முதல் கேள்வி இதுதான்: எத்தனை பேர்? இருநூறு பிள்ளைகளுக்கு ஒரு வருடம் சொல்லித்தருகிறோம் என்றால் முகம் சுருங்கும். இருபதாயிரம் பேருக்கு ஒரு மணி நேரம் என்றால் மலரும். 'கோட் டாட் ஆர்க்' என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம் 2013 டிசம்பரில் தொடங்கிய, ஒரு மணி நேரம் கோடிங் செய்து பார்க்க வைக்கும் 'ஹவர் ஆஃப் கோட்' நல்ல முயற்சிதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கோடிங் என்றால் பூதம் இல்லை என்று பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு மணி நேரம் போதும். அதை நடத்துபவர்களே அதை ஓர் அறிமுகமாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் நிதி கொடுக்கும் கமிட்டிக்கு அந்த ஒரு மணி நேரமும் ஒரு தலை, ஒரு வருடம் படித்ததும் ஒரு தலை. தலைக்கு எவ்வளவு செலவு என்று வகுத்துப் பார்த்தால் ஒரு மணி நேரக்காரர்தான் ஜெயிப்பார். இதனால் ஆழமாகச் சொல்லித்தர ஆசைப்படும் நிறுவனங்கள்கூட மெல்ல மெல்ல அகலமாகத் தண்ணீர் தெளிக்கும் வேலைக்கு மாறிவிடுகின்றன. பாதியில் நின்ற பிள்ளைகள் எத்தனை, இரண்டாம் ஆண்டும் வந்தவர்கள் எத்தனை என்று எந்த ரிப்போர்ட் படிவமும் கேட்டு நான் பார்த்ததில்லை.

"சட்டம் விடாதுங்க" என்று ஒரு பதில் வரும். இந்தியாவின் சட்டத்தையே எடுத்துப் பார்ப்போம். 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆவது பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் பெரிய கம்பெனிகள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்கிறது. 2014 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. இதன் விதிகளில் நிர்வாகச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று ஒரு வரி உண்டு. அந்த 5 சதவீதத்தைத் தூக்கிக்கொண்டு வந்து தொண்டு நிறுவனத்தின் தலையில் வைப்பதுதான் வழக்கம். ஆனால் விதியில் இருக்கும் விளக்கத்தைப் படித்தால், அது கம்பெனி தன் அலுவலகத்துக்குள் இந்த வேலையை நிர்வகிக்கச் செய்யும் பொதுச் செலவுக்கான வரம்பு. ஒரு திட்டத்தை வடிவமைக்க, நடத்த, கண்காணிக்க, மதிப்பிட நேரடியாக ஆகும் செலவு அதில் சேராது. பிள்ளைக்குக் கோடிங் சொல்லித்தரும் திட்டத்தில் சொல்லித்தருபவரின் சம்பளம் நேரடிச் செலவு இல்லையென்றால் வேறு எது நேரடிச் செலவு? அப்புறம், பல ஆண்டுத் திட்டத்துக்கும் அதே விதிகள் இடம் தருகின்றன. தொடங்கிய நிதியாண்டு போக இன்னும் மூன்று ஆண்டுகள் வரை போகலாம், செலவாகாத பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு வைக்கலாம். ஆக, கையைக் கட்டியிருப்பது சட்டம் இல்லை. மார்ச் மாதத்துக்குள் கணக்கை முடிக்க வேண்டும் என்ற அவசரமும் பழக்கமும்தான்.

கம்பெனிகள் பயப்படுவதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். பேருக்கு ஒரு டிரஸ்ட் வைத்துக்கொண்டு, சொந்தக்காரர்களுக்குச் சம்பளம் போட்டுக் காலம் தள்ளும் இடங்கள் இருக்கின்றன. ஆனால் திருடுபவனுக்கு லேப்டாப் பில்லும் ஒன்றுதான், சம்பளப் பட்டியலும் ஒன்றுதான். முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு சாயங்காலம் வகுப்புக்குப் போய் உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும், யார் நிஜமாக நடத்துகிறார்கள் என்று. அதற்கு யாரும் வருவதில்லை. வருவது தொடக்க விழாவுக்கு.

வாலண்டியர் விஷயமும் இப்படித்தான். கம்பெனி ஊழியர்கள் சனிக்கிழமை வந்து பாடம் எடுப்பதை நான் குறைத்துச் சொல்லவில்லை, நானும் அப்படிப் போகிறவன்தான். ஆனால் மென்பொருளை வெளியிடும் ரிலீஸ் வாரத்தில் எங்களால் வர முடியாது. அன்றைக்கு அந்தப் பிள்ளைகளோடு யாராவது இருக்க வேண்டும் அல்லவா? வாலண்டியருக்கு நேரம் ஒதுக்கி, பாடத்தைக் கையில் கொடுத்து, அவர் வராத நாளில் தானே வகுப்பை எடுக்கும் ஒருவர் சம்பளத்தில் இருந்தால்தான் இலவச உழைப்பும் பயன்படும்.

எல்லா நிதியையும் வாங்கித்தான் ஆக வேண்டுமா என்பது தனிக் கேள்வி. 2017-இல் ஊபர் கம்பெனி, அலுவலகப் பாலியல் தொல்லைப் புகார்களால் பெயர் கெட்டிருந்த நேரம். பெண் பிள்ளைகளுக்குக் கோடிங் சொல்லித்தரும் 'கேர்ள்ஸ் ஹூ கோட்' அமைப்புக்கு 12 லட்சம் டாலர் தருவதாக அறிவித்தது. கருப்பினப் பெண் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் 'பிளாக் கேர்ள்ஸ் கோட்' அமைப்புக்கு 1,25,000 டாலர் தர முன்வந்தது. அதன் நிறுவனர் கிம்பர்லி பிரையன்ட் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வாங்கியவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அடுத்த மாதச் சம்பளத்துக்கே ஒரே ஒரு கம்பெனியை நம்பியிருக்கும் இடத்தால் இப்படி மறுக்க முடியாது. அந்தக் கம்பெனி "எங்கள் மென்பொருளையே பாடமாக வையுங்கள்" என்று கேட்டாலும் மறுக்க முடியாது.

கடைசியாக, கம்பெனிகளில் வேலை செய்யும் நண்பர்களிடம் ஒன்று கேட்கிறேன். நிதி கமிட்டியில் நீங்கள் இல்லாவிட்டாலும் உங்கள் கையில் ஒரு வழி இருக்கலாம். பல பெரிய கம்பெனிகளில், ஊழியர் ஒரு தொண்டு நிறுவனத்துக்குக் கொடுக்கும் நன்கொடைக்குச் சமமாகக் கம்பெனியும் பணம் போடும் திட்டம் உண்டு. தனி ப்ரபோசல் எதுவும் எழுதாமல் வருகிற பணம் என்பதால், பெரும்பாலும் அதை எதற்குச் செலவழிக்க வேண்டும் என்று நிபந்தனை இருக்காது. அதில் தாராளமாகச் சம்பளம் கொடுக்கலாம். ஆனால் இந்தத் திட்டத்தில் பணம் பெறப் பதிவு செய்த அமைப்புகளின் பட்டியலில் சிறிய அமைப்புகள் பலவும் இருப்பதில்லை. பதிவு செய்யும் ஆன்லைன் படிவம் அவர்களைப் பாடாய்ப் படுத்தும், எந்தச் சான்றிதழை எங்கே ஏற்றுவது என்றே தெரியாது. உங்கள் எச்.ஆர். பக்கத்தில் அந்தத் திட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், உங்களுக்குத் தெரிந்த அமைப்பு ஒன்றின் பக்கத்தில் ஒரு மதியம் உட்கார்ந்து அந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுங்கள். எங்கேயாவது சிக்கினால் இங்கேயே கேளுங்கள், நான் சில படிவங்களோடு மல்லுக்கட்டிய அனுபவம் உண்டு.