சாவு வீட்டில் நமக்கென்று கொஞ்சம் வேலை இருக்கட்டும்

"எப்ப எடுக்கறாங்க?" சாவுச் சேதி சொன்னால் முதலில் வரும் கேள்வி இதுதான், கிராமத்திலும் நகரத்திலும். சென்னையில் இப்போது இன்னொன்றும் சேர்ந்துகொண்டிருக்கிறது: "யார்கிட்ட கொடுத்திருக்கீங்க?" மொத்தமாக எடுத்துச் செய்யும் காண்ட்ராக்டைத்தான் கேட்கிறார்கள். ஐஸ் பெட்டி, சாமியானா, நாற்காலி, பாடை, மாலை, சடங்கு செய்பவர், வண்டி, மயானத்தில் நேரம் வாங்குவது, அஸ்தி கரைக்கக் கூட்டிப்போவது என எல்லாம் சேர்த்து ஒரே தொகை. விலைப்பட்டியல் வாட்ஸப்பில் வந்துவிடும்.

இதை நடத்துகிறவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில், வீட்டில் வயதான மனைவி மட்டும், பக்கத்து ஃப்ளாட்டில் இருப்பது யாரென்றே தெரியாது என்கிற நிலையில், ராத்திரி ரெண்டு மணிக்கு ஃபோனை எடுக்கிற ஓர் ஆள் இருப்பது பெரிய விஷயம். நான் பேசுவது ஆள் பலம் உள்ள வீடுகளைப் பற்றி. மகன், மகள், மருமகன், வளர்ந்த பேரப்பிள்ளைகள் எல்லோரும் சுவரோரமாக நின்று ஃபோனைப் பார்த்துக்கொண்டிருக்க, சீருடை போட்ட நாலு பேர் வந்து பெரியவரைத் தூக்கிப் போகிறார்கள். அதைப் பார்க்க எனக்கு மனசு ஒப்பவில்லை.

போன வருடம் என் மாமனார் வீட்டிலேயே இறந்தபோது, "யார்கிட்டயும் கொடுக்க வேணாம், நாமே பாத்துக்கலாம்" என்றார் என் நாத்தனார். பார்த்துக்கொண்டோம். பெரும்பாலானவர்கள் பயப்படுவது சடங்குக்கு இல்லை, பேப்பர் வேலைக்குத்தான். அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வீட்டில் இறந்தால், கடைசியாக வைத்தியம் பார்த்த டாக்டர் வந்து பார்த்து, இறப்புக்கான காரணத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். படிவம் 4ஏ என்பார்கள். மயானத்தில் முதலில் கேட்பது இதையும் ஆதார் நகலையும்தான். மருத்துவமனையில் இறந்தால் படிவம் 4 அங்கேயே கிடைக்கும். இறப்பைப் பதிவுக்குத் தெரிவிப்பதும் மருத்துவமனையின் பொறுப்பு. வீட்டுச் சாவு என்றால் அந்தப் பொறுப்பு குடும்பத்தினுடையது. 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி 21 நாட்களுக்குள் தெரிவித்துவிட்டால் கட்டணம் இல்லை. அதைத் தாண்டினால் தாமதக் கட்டணம். ஒரு வருடம் தாண்டினால் அதிகாரியின் உத்தரவு வாங்கிக்கொண்டு போகும் அளவுக்கு இழுத்துவிடும். வாரிசுச் சான்று, பேங்க், பென்ஷன் எல்லாம் இந்த ஒரு சான்றிதழில்தான் தொங்குகின்றன. மயானத்தில் தரும் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். துக்க வீட்டில் எது தொலைந்தாலும் முதலில் தொலைவது அதுதான்.

இன்னும் இரண்டு விஷயம். அரசு மருத்துவமனையில் இறந்தவர்களை வீட்டுக்குக் கொண்டுவர இலவச அமரர் ஊர்தி இருக்கிறது, எண் 155377. தெரியாமல் வாசலிலேயே தனியார் வண்டியிடம் மாட்டிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். தனியார் மருத்துவமனையில் பில் பாக்கி இருக்கிறது என்று உடலைப் பிடித்து வைத்தால் சண்டை போடுங்கள். தேசிய மனித உரிமை ஆணையம் வரைந்த நோயாளிகள் உரிமைச் சாசனம், அப்படிப் பிடித்து வைக்கக் கூடாது என்கிறது.

சரி, பேப்பர் போதும். உடலுக்கு வருவோம்.

கண்ணை மூடிவிடுவது, தாடையைத் துணியால் சேர்த்துக் கட்டுவது, கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டுவது இதையெல்லாம் பாட்டிமார்கள் அழுதுகொண்டே செய்துவிடுவார்கள். ரெண்டு மூணு மணி நேரத்தில் உடல் விறைக்கத் தொடங்கிவிடும், அதற்குப் பிறகு கையைக்கூட நேராக்க முடியாது என்பதுதான் காரணம். கண் தானம் செய்வதாக இருந்தால் ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். அதுவரை இமையை மூடி ஈரப்பஞ்சு வைத்து, ஃபேனை நிறுத்திவிட்டு, தலையைக் கொஞ்சம் உயர்த்தி வைத்தால் போதும். நெஞ்சில் பேஸ்மேக்கர் இருந்தால் எரிப்பதற்கு முன் டாக்டரிடம் சொல்லி எடுத்துவிட வேண்டும். உள்ளே வெடிக்கும்.

மாமனாரைக் குளிப்பாட்டியது மகன்களும் பேரன்களும். பெரிய பேரன் முதலில் கிட்டே வரவே மாட்டேன் என்றான். அப்புறம் அவன்தான் முகத்தைத் துடைத்து, தலைவாரி, அவர் போடுவதுபோலவே வகிடு எடுத்துவிட்டான். எங்களுக்கு நிஜமான தலைவலி லிஃப்ட்தான். நம் அடுக்குமாடிகளைக் கட்டியவர்கள், இங்கே யாரும் சாகமாட்டார்கள் என்று நினைத்துத்தான் கட்டியிருக்கிறார்கள். படுக்கவைத்து இறக்க முடியாது. மாடிப்படித் திருப்பத்தில் பாடையும் திரும்பாது. கெட்டியான போர்வையில் வைத்து ஆறு பேர் தாங்கி, கீழே பார்க்கிங்கில் கொண்டுவந்துதான் பாடையில் வைத்தோம்.

இதைச் சொன்னால் உடனே ஒரு குரல் வரும்: "அந்தக் காலத்துல எல்லாத்தையும் நாமளேதானே செஞ்சோம்." யார் அந்த நாம்? சேதி சொல்ல ஊர் ஊராக நடந்தவர், பறையடித்தவர், குழி வெட்டியவர், கட்டை அடுக்கியவர், விடியும்வரை பிணம் வேக நின்றவர், மயிர் மழித்தவர், மாற்றுத்துணி விரித்தவர் இவர்களில் எத்தனை பேர் அந்த நாமில் சேர்த்தி? சாதியின் பெயரால் கட்டாயமாக வாங்கிய உழைப்பு அது. வரமாட்டேன் என்று சொன்னால் ஊரில் குடியிருக்க முடியாது. ஊரே கூடி எடுத்தது என்று உருகுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ள வேண்டும். அந்தச் சுடுகாட்டுக்குப் போகும் பாதையே இன்றும் எல்லோருக்கும் பொது இல்லை. 2019இல் வாணியம்பாடி பக்கம் நாராயணபுரத்தில் வழி மறுக்கப்பட்டதால், தலித் ஒருவரின் உடலைப் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்தது.

அந்த வகையில் காண்ட்ராக்ட் வந்ததில் ஒரு நல்லது உண்டு. கூலி என்று ஒன்று பேசப்படுகிறது. ஆனால் உள்ளே போய்ப் பாருங்கள், பிணத்தைத் தொட்டுத் தூக்குகிறவர்கள் பெரும்பாலும் அன்று அந்த வேலையைச் செய்தவர்களின் வீட்டுப் பிள்ளைகள்தான். சீருடை மாறியிருக்கிறது, அவ்வளவுதான். நமக்கோ அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டிய அவசியம்கூட இல்லாமல் போய்விட்டது. நாமே செய்வோம் என்று நான் சொல்வதற்கு முக்கியமான காரணம் இது. செலவு மிச்சம் என்பதெல்லாம் அப்புறம். பெற்றவரின் உடலைத் தொடுவது இன்னொருவருடைய பிறவி வேலை என்று நினைக்கும் புத்தி, தொட்டால்தான் போகும்.

இதைக் கற்றுக்கொள்ள வெகுதூரம் போக வேண்டியதில்லை. பக்கத்துத் தெரு முஸ்லிம் வீட்டில் மவுத் என்றால், குளிப்பாட்டுவதில் நெருங்கிய சொந்தங்களே முன்னால் நிற்கிறார்கள்; ஆணுக்கு ஆண்கள், பெண்ணுக்குப் பெண்கள். பணக்காரருக்கும் ஏழைக்கும் தைக்காத வெள்ளைக் கபன் துணிதான். உடலைச் சுமந்துபோகும் பெட்டியான பள்ளிவாசலின் பொதுச் சந்தூக்கில் வைத்து, தெருவில் போகிறவர்கள்கூடத் தோள் மாற்றிக்கொண்டு தூக்குகிறார்கள். குழிக்குள் உடலை இறக்குவதும் நெருங்கியவர்கள், மண் தள்ளுவது வந்த எல்லோரும்.

மயானத்துக்குப் பெண்கள் வரக்கூடாது என்று எங்கள் வீட்டிலும் ஒரு சித்தப்பா ஆரம்பித்தார். நாத்தனார் பதிலே சொல்லாமல் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

எரிவாயு தகன மேடையில் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது, அன்றைக்கே அஸ்தியும் தந்துவிடுகிறார்கள். சென்னை மாநகராட்சி மயானங்களில் எரிக்கவோ புதைக்கவோ கட்டணம் கிடையாது. அதைக் கேட்டுவிட்டு அங்கே வேலை செய்கிறவரிடம் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசாதீர்கள். பூவுக்கும் பட்டாசுக்கும் ஆயிரக்கணக்கில் கொட்டிவிட்டு, சூளைக்கு முன்னால் நிற்கும் மனிதரிடம் "இலவசம்தானே?" என்று சட்டம் பேசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பட்டாசை நிறுத்திவிட்டு அந்தக் காசை அவர் கையில் கொடுங்கள், பேரைக் கேட்டுக்கொண்டு கொடுங்கள்.

எல்லாவற்றையும் தலையில் போட்டுக்கொள்ளவும் வேண்டாம். ஐஸ் பெட்டியும் வண்டியும் நம் வீட்டில் இருக்காது; அவற்றை மட்டும் வாடகைக்குக் கேளுங்கள். எடுத்த எடுப்பில் மொத்த பேக்கேஜைத்தான் சொல்வார்கள், தனித்தனியாகக் கிடையாது என்பார்கள். சரி, வேறு இடத்தில் பார்த்துக்கொள்கிறோம் என்று ஃபோனை வைக்கப் போனால் தனித்தனியாகவும் விலை வரும்.