மெஷின் போதும், துணி குடுங்கோ

மே 18, முள்ளிவாய்க்கால் நினைவு நாள் நெருங்கினால் என் முகநூல் முழுக்கக் கஞ்சிச் சிரட்டைதான். நானும் படம் போடுகிற ஆள், அதைக் குறை சொல்ல வரவில்லை. ஜூன் பிறந்த பிறகு அந்தப் போரில் தப்பிய சனம் என்ன செய்கிறது என்று கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கிற நாங்கள் கேட்பதே இல்லை, அதுதான் உறுத்துகிறது.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு கலியாணத்துக்குக் கிளிநொச்சி போனபோது, விசுவமடுப் பக்கம் இருக்கிற தூரத்துச் சொந்தக்கார அக்கா வீட்டையும் எட்டிப் பார்த்தேன். விறாந்தையில் ஒரு தையல் மெஷின். பழைய சீலையால் மூடி, மேலே ஒரு அரிசிப் பை, அதற்குப் பக்கத்தில் சாமி விளக்கு. உதவியாகக் கொடுத்தவர்களின் பெயர் பொறித்த தகடு மட்டும் இன்னும் பளபளப்பாக இருந்தது. தைப்பதில்லையா என்று கேட்டேன். "இந்த ஒழுங்கையில மட்டும் ஏழு மெஷின் இருக்கு தம்பி, ஆற்ற சட்டையை ஆர் தைக்கிறது? மெஷின் போதும், துணி குடுங்கோ எண்டு சொல்லு" என்றார், சிரித்துக்கொண்டே. அவருடைய வலது தோளில் ஷெல் பீஸ் இன்னும் கிடக்கிறது, மழைக்குளிருக்குக் கையைத் தூக்கவே ஏலாது. கொடுக்க வந்தவர்கள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

2009இல் வன்னியிலிருந்து வெளியே வந்த கிட்டத்தட்ட 3 இலட்சம் பேரை முகாம்களில் அடைத்தார்கள். அதில் பெரியது செட்டிகுளம் மெனிக்பாம், அதை மூடவே 2012 செப்டம்பர் ஆனது. அக்காவின் கணவர் போரின் கடைசி நாட்களில் காணாமல் போனவர். மரணச் சான்றிதழ் எடுக்க அக்காவுக்கு மனமில்லை, அது இல்லாமல் காணி அலுவல் ஒன்றும் நகரவில்லை. காணாமல் போனவர் என்றே சான்றிதழ் கொடுக்க 2016இல்தான் சட்டம் வந்தது. ஒவ்வொரு முறையும் கச்சேரிக்கு, அதுதான் மாவட்டச் செயலகத்துக்கு, அக்காவோடு கூடப் போனது பக்கத்து வீட்டு அம்மா. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி. இதற்கு எந்தத் திட்டத்திலும் பெயர் கிடையாது, தகடும் கிடையாது.

ஒற்றுமையை வைத்து வியாபாரம் செய்தவர்களும் வந்தார்கள். குழுக் கடன் என்று சொல்லிப் பெண்களைக் கூட்டாகச் சேர்த்து, ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும் என்று வைத்தார்கள். பதுங்குகுழியில் ஒன்றாகக் கிடந்த பெண்கள் லோன்காரன் வருகிற நாளில் ஒருத்தி வீட்டு வாசலில் இன்னொருத்தி நின்று சத்தம் போடுகிற நிலை வந்தது. 2018இல் அரசாங்கம் ஒரு பகுதிக் கடனைத் தள்ளுபடி செய்து, வட்டிக்கு 35 வீதம் என்று உச்சவரம்பும் வைத்தது. 35 வீதம் என்பதே நிவாரணம் என்றால் முன்பு என்னவாக இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள்.

83 ஆடிக் கலவரத்தில் எங்கள் அம்மம்மா குடும்பம் கட்டிய உடுப்போடு இரத்மலானை முகாமில் இருந்து, பிறகு கப்பலில் காங்கேசன்துறை போய் இறங்கியது. அந்தக் கதையை அவர் எப்போது சொன்னாலும் ஒரு கடைக்காரரில்தான் வந்து நிற்பார். முன்பின் தெரியாத அந்த மனிதர் கணக்குக் கொப்பி ஒன்றை எடுத்து அம்மம்மாவின் பெயரை எழுதி, "வேண்டியதை எடுங்கோ, உழைக்கத் தொடங்கினாப் பிறகு தாங்கோ" என்றாராம். சும்மா தந்திருந்தால் அடுத்த நாள் அந்தக் கடைக்குப் போக வெட்கப்பட்டிருப்பேன் என்பார் அம்மம்மா. கொப்பியில் பெயர் இருந்ததால் நிமிர்ந்து போனாராம்.

அதுதான் மனதில் கிடந்ததோ என்னவோ, திரும்பி வந்து எங்கள் பிளாட்டில் ஆறு வீட்டுக்காரரிடம் கதைத்தேன். இப்போது அக்காவும் அயலில் நாலு பேரும் மாதம் ஒருமுறை கறித்தூள் வறுத்து, மில்லில் திரித்துப் பக்கெட் போடுகிறார்கள். கிளிநொச்சிக்குக் கொண்டு வந்து இரவு பஸ்ஸில் ஏற்றிவிட்டால், விடியற்காலை வெள்ளவத்தையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நான் இறக்குகிறேன். பொதியைத் தொட்ட கையில் மத்தியானம் வரைக்கும் கறிவேப்பிலை மணம். கடை விலைதான் கொடுக்கிறோம், இரக்கத்துக்கு ஒரு சதமும் கூடக் கொடுப்பதில்லை. முதலில் ஆறு வீடு, இப்போது முப்பத்தெட்டு. பெரிய சாதனை ஒன்றும் இல்லை, ஐந்து குடும்பம்தான். ஆனால் ஒரு மாதமும் நிற்கவில்லை.

நாலாம் மாடி அன்ரி போன மாதம் முறைப்பாடு வைத்தார், உறைப்புக் கூடவாம். பயந்து பயந்துதான் அக்காவிடம் சொன்னேன். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இத்தனை வருசத்தில எனக்குத் தந்திட்டுப் போனவை இருக்கினம், என்னட்ட வாங்கிப்போட்டுக் குறை சொன்னது அவதான்" என்றார். இந்த முறை வந்த பொதியில் ஒரு பக்கெட் மட்டும் சிவப்பு நூலால் கட்டியிருந்தது. மேலே பேனையால், "நாலாம் மாடிக்கு, உறைப்புக் குறைவு".

அடுத்த பொதி சனிக்கிழமை விடிய வரும். பன்னிரண்டு பக்கெட் மிச்சம் இருக்கிறது, வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி ஆட்கள் இன்பொக்ஸில் சொல்லுங்கள்.