தரைக்குக் கீழே லாவாக் கடல் இல்லை
நம் காலுக்குக் கீழே முழுக்க உருகிய பாறைக் கடல்தான், மேலோட்டில் விரிசல் விழும் இடத்தில் அது எரிமலையாகப் பொங்குகிறது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாடப் புத்தகப் படங்களில், மேலோட்டுக்குக் கீழே இருக்கும் மேன்டில் அடுக்குக்குச் சிவப்பு அடித்து வைத்திருப்பதால் அப்படித் தோன்றுவது இயல்புதான். ஆனால் சுமார் 2,900 கி.மீ. ஆழம் வரை போகும் அந்த மேன்டில் ஏறக்குறைய முழுவதும் திடப் பாறை. சூடு அதிகம்தான், கூடவே அழுத்தமும் அதிகம் என்பதால் உருகுவதில்லை. ஐஸ்லாந்தில் போல சூடான பாறை மேலெழுந்து அழுத்தம் குறையும்போதோ, இந்தோனேசியாவில் போல பூமிக்குள் அமிழும் கடலடிப் பாறைத்தட்டு கொண்டுபோகும் நீர் பாறையின் உருகுநிலையைக் குறைக்கும்போதோ கொஞ்சம் உருகும். அந்தக் கொஞ்சம்தான் மேலேறி வந்து எரிமலைக்கு அடியில் சேர்கிறது.

சரி, யார் போய்ப் பார்த்தது? நிலநடுக்கத்திலிருந்து கிளம்பும் அலைகளில், பாறையைப் பக்கவாட்டில் அசைத்தபடி போகும் எஸ் அலைகள் திரவத்துக்குள் போகாது. ஏதாவது ஒரு பெரிய நிலநடுக்கத்தின் பதிவுகளை இணையத்தில் இலவசமாகவே எடுத்துப் பார்க்கலாம்: 60, 80 பாகை (பூமியின் மையத்திலிருந்து அளக்கும் கோணம்) தள்ளியிருக்கும் நிலநடுக்கப் பதிவு நிலையங்களில், வேகம் கூடிய பி அலை முதலில் வந்து எட்டு, பத்து நிமிடத்தில் எஸ் அலையும் மேன்டிலைக் கடந்து தெளிவாக வந்து நிற்கும். ஏறத்தாழ 104 பாகையைத் தாண்டினால்தான் நேரடி எஸ் அலை காணாமல் போகும், ஏனென்றால் அங்கே குறுக்கே வருவது மேன்டிலுக்கும் கீழே இருக்கும் திரவமான வெளிக்கரு.