இரண்டு சிடி கொடுத்த கம்பெனி

வெஸ்ட்வுட் ஸ்டுடியோஸ் என்ற பழைய வீடியோ கேம் கம்பெனியைப் பற்றிப் பேச்செடுத்தாலே, "பெரிய கேம் கம்பெனியான எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வாங்கிக் கொன்றுவிட்டது" என்று ஒரே வரியில் கதையை முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு.

1985இல் லாஸ் வேகாஸில் பிரெட் ஸ்பெரியும் லூயிஸ் கேஸிலும் தொடங்கியது. அடுத்தவர்களின் கேம்களை வேறு கம்ப்யூட்டர்களுக்கு மாற்றிக் கொடுக்கும் வேலைதான் ஆரம்பத்தில் சோறு போட்டது. 1992இல் வர்ஜின் என்ற கேம் வெளியீட்டு நிறுவனம் வாங்கியது. அதாவது, கை மாறியது அப்போதே நடந்துவிட்டது. அதற்கப்புறம்தான் அவர்களின் பொற்காலமே!

அதே வருடம் ‘டியூன் 2’. வளத்தைத் தோண்டு, அந்தக் காசில் கட்டடம் எழுப்பு, படை திரட்டு, எதிரியை அடி. பின்னால் வந்த எத்தனையோ வியூக கேம்கள் இந்த வழியில்தான் நடந்தன. ஆனால் அதில் ஒரு தடவைக்கு ஒரு வண்டியைத்தான் நகர்த்த முடியும். கடைசி டாங்கியைக் கிளப்புவதற்குள் முதலில் போனது எரிந்துகொண்டிருக்கும். 1995இல் ‘கமாண்ட் அண்ட் காங்கர்’ வந்தபோது, மவுஸை இழுத்து ஒரு கட்டம் போட்டால் போதும், மொத்தப் படையும் கைக்குள்.

அந்தக் கேமில் எனக்கு இன்னும் பிடித்தது வேறு விஷயம். பெட்டிக்குள் இரண்டு சிடி, கேமில் மோதும் இரண்டு தரப்புக்கும் ஆளுக்கு ஒன்று. ஒன்றை நண்பனிடம் கொடுத்துவிட்டு அவனோடேயே சண்டை போடலாம். இன்னொரு பிரதி விற்றிருக்கலாமே என்று கணக்குப் பார்க்காத கம்பெனி! வில்லன் கேனாக வரும் ஜோசப் குகன், கேமின் நடுவே வரும் வீடியோ காட்சிகளை இயக்கவும் செய்தார். இருக்கிற ஆளை வைத்தே காரியம் முடிக்கும் சின்னக் குழுவின் புத்தி அது.

1998இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் 12.25 கோடி டாலருக்கு வாங்கியது. 2002இல் ‘ரெனிகேட்’ என்று ஒரு துப்பாக்கிச் சண்டை கேம், ‘எர்த் அண்ட் பியாண்ட்’ என்று ஒரு ஆன்லைன் கேம். இரண்டும் அவர்களுக்குக் கைவந்த கலை இல்லை, எதிர்பார்த்த அளவுக்குப் போகவும் இல்லை. வாங்கியது தப்பில்லை; இரண்டு கேம் சறுக்கியதும் 2003இல் கடையையே மூடி, லாஸ் ஏஞ்சலஸுக்கு வா என்றார்களே, அதுதான் தப்பு.

எல்லோரும் போகவில்லை. சிலர் லாஸ் வேகாஸிலேயே பெட்ரோகிளிஃப் என்று புதிதாகத் தொடங்கினார்கள். 2020இல் பழைய ‘கமாண்ட் அண்ட் காங்கர்’ கேமைப் புதுப்பித்து விற்க நினைத்த எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ், அவர்களிடம்தான் போய் நின்றது. இசைக்கும், அன்று அந்தக் கேமுக்கு இசையமைத்த அதே ஃபிராங்க் கிளெபாக்கிதான்.