இருப்பதைச் சரி செய்யச் சொன்னால் பட்டன் போன் வாங்கச் சொல்வீர்களா?

ஞாயிறு இரவு நேரலை அரட்டையில் நடந்ததைப் பற்றிக் கேட்டு நிறைய பேர் இன்பாக்ஸுக்கு வந்துவிட்டீர்கள். இருந்தவர்களுக்குத் தெரியும். எல்லாவற்றையும் மறுபடி கிளறப் போவதில்லை. ஆப்பிள் தன் மென்பொருள் மாற்றங்களை அறிவிக்கிற டெவலப்பர் மாநாட்டில் இந்த வருஷம் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார்கள். என் முறை வந்தபோது, "புதுசா எதுவும் வேண்டாம், இருக்கறது ஒழுங்கா ஓடினா போதும்" என்றேன். "அப்போ நீங்க பட்டன் போன் வாங்கிக்கலாமே மேடம்" என்று ஒரு குரல். உடனே எல்லாரும் சிரிப்பு. நடத்திய தம்பியும் சிரித்துக்கொண்டே அடுத்த ஆளுக்குப் போய்விட்டார்.

இரண்டு நாள் ஆகிவிட்டது. அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

நான் புதுசே வேண்டாத ஆள் இல்லை. 2009-ல் ஐபோனுக்கு காப்பி பேஸ்ட் வருகிறது என்று கேட்டபோது துள்ளிக் குதித்தவள் நான். 2010-ல் வந்த ஐபேடுக்கு 2024-ல்தான் கால்குலேட்டர் கொடுத்தார்கள், அதற்கும் சந்தோஷப்பட்டேன். ஒவ்வொரு ஜூனிலும் அந்த மாநாட்டின் தொடக்க உரையை முழுசாக உட்கார்ந்து பார்க்கிறேன். என் எதிர்பார்ப்பும் எதிர்பார்ப்புதான். இருப்பது ஒழுங்காக ஓடட்டும் என்று கேட்பதும் ஒரு கோரிக்கைதான். இதை ஏன் பழமைவாதம் என்கிறீர்கள்?

இப்படிக் கேட்பது எனக்கு மட்டும் தோன்றிய விசித்திரமும் இல்லை. இதே மேடையில், 2009-ல், ஆப்பிளின் மென்பொருள் தலைவர்களில் ஒருவரான பெர்ட்ரண்ட் செர்லே, மேக் கணினிக்கான இயங்குதளப் பதிப்பான ஸ்னோ லெப்பர்டைப் பற்றிப் பேச வந்தபோது காட்டிய ஸ்லைடில் "புதிய வசதிகள்: 0" என்று இருந்தது. அதற்கு முந்தைய லெப்பர்டை 300-க்கும் மேற்பட்ட புதிய வசதிகள் என்று சொல்லி விற்றவர்கள் அவர்கள். அடுத்த பதிப்புக்கு பூஜ்யம் என்று மேடையில் எழுதிக் காட்டினார்கள். வேகம் கூட்டுகிறோம், உள்ளே இருப்பதைச் செப்பனிடுகிறோம் என்றார்கள். லெப்பர்டுக்கு 129 டாலர் வாங்கியவர்கள், அதிலிருந்து மாறுகிறவர்களுக்கு இதை 29 டாலருக்குக் கொடுத்தார்கள். அன்றைக்கு அவர்களைப் பார்த்து யாராவது பட்டன் போன் வாங்கச் சொன்னார்களா?

சரி, உடனே ஒருவர் வருவார், எனக்குத் தெரியும். "ஸ்னோ லெப்பர்டிலும் பக், அதாவது மென்பொருள் பிழை, இருந்தது அக்கா, கெஸ்ட் கணக்கில் நுழைந்து வெளியே வந்தால் சொந்தக் கணக்கின் ஃபைல்கள் எல்லாம் காணாமல் போயின." உண்மைதான். நவம்பரில் 10.6.2 என்ற திருத்தப் பதிப்பு வந்துதான் அது சரியானது. நான் மறைக்கவில்லை. ஆனால் பூஜ்யம் வசதி என்று உட்கார்ந்து செய்தபோதே அப்படி ஒன்று தப்பித்துப் போனதென்றால், வருஷத்துக்கு நூறு வசதி என்று ஓடும்போது எத்தனை தப்பிக்கும்? இன்று எல்லாரும் புகழ்கிற ஸ்னோ லெப்பர்ட் முதல் நாள் வந்தது அல்ல. 2011-ல் 10.6.8 வரை பொறுமையாகத் திருத்தித் திருத்தி வந்தது. அந்தப் பொறுமையைத்தான் நான் கேட்கிறேன்.

இன்னொருவர், "ஒவ்வொரு அப்டேட்டிலும் பக் திருத்துகிறார்களே, தனியாக ஒரு வருஷம் எதற்கு?" என்பார். திருத்துகிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. 2014-ல் திருத்தத்துக்காக வந்த, ஐபோன் இயங்குதளமான ஐஓஎஸ்ஸின் 8.0.1 பதிப்பு, புது ஐபோன் 6-ல் சிக்னலையே நிறுத்தியது, கைரேகையும் வேலை செய்யவில்லை. ஒரு மணி நேரத்துக்குள் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. 2017-ல் மேக்கின் ஹை சியர்ரா பதிப்பில் யூசர் பெயர் இடத்தில், முழு அதிகாரமும் உள்ள கணக்கின் பெயரான "ரூட்" என்று அடித்து, பாஸ்வேர்டைக் காலியாக விட்டால் கணினி திறந்துகொண்டது. மறுநாளே திருத்தம் கொடுத்து மன்னிப்பும் கேட்டார்கள். அந்த மன்னிப்பை நான் மதிக்கிறேன். ஆனால் காலி பாஸ்வேர்டை வைத்து நுழைய முயல்வது, சோதிக்கிறவர் முதல் வாரத்திலேயே செய்து பார்க்கிற வேலை. அது எப்படித் தப்பியது? நேரம் இல்லாததால்தான் என்று என் மனசு சொல்கிறது.

என் மனசு ஏன் அப்படிச் சொல்கிறது என்றால், நான் பதினோரு வருஷம் மென்பொருள் டெஸ்டிங்கில் இருந்தவள். எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம். அங்கே ஒரு செயலியில் நீளமான படிவம் ஒன்று உண்டு. பாதி நிரப்பியிருக்கும்போது போனைக் குறுக்கே திருப்பினால், அடித்தது மொத்தமும் அழிந்துவிடும். பெயர், முகவரி, எல்லாம் வெள்ளையாகிவிடும். எழுதிப் போட்டேன். "லோ பிரயாரிட்டி" என்று திரும்பி வந்தது. அடுத்த ரிலீஸில் மறுபடி போட்டேன், மறுபடி வந்தது. மூன்றாவது முறை கூட்டத்திலேயே எழுந்து கேட்டேன். மேலே இருந்தவர் சொன்ன பதில் எழுத்துப் பிசகாமல் நினைவிருக்கிறது: "டெமோல நாம போனைத் திருப்ப மாட்டோமே."

டெமோவில் திருப்ப மாட்டோம். இருபது நிமிஷம் உட்கார்ந்து அடித்தவர் தற்செயலாகத் திருப்பினால் அது அவர் தலையெழுத்து. கடைசியில் அதைச் சரி செய்தது, சேர்ந்து ஆறு மாதமே ஆன ஒரு பெண். இரண்டு நாள் வேலை. அதே வாரம் புது தீம் ஒன்று வந்ததற்கு எல்லாரும் கைதட்டினார்கள். அந்தப் பெண்ணுக்கு ஒருவர்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் அன்றைக்குச் சொல்லவில்லை, இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

அதனால்தான் மேடையில் காட்டுவதைப் பார்த்தால் எனக்கு முதலில் தோன்றுவது, இதைத் திருப்பினால் என்ன ஆகும் என்பதுதான். 2024 ஜூனில் ஆப்பிளின் குரல் உதவியாளரான ஸிரியிடம் "அம்மாவின் விமானம் எப்போது இறங்கும்?" என்று கேட்டு, அது மெயிலைத் தேடி எடுத்துப் பதில் சொல்வதைக் காட்டினார்கள். எனக்கும் கண் விரிந்தது. அதை விளம்பரமாக்கி ஐபோன் 16 விற்றார்கள். 2025 மார்ச்சில், இன்னும் நேரம் எடுக்கும், வரும் ஆண்டில்தான் தர முடியும் என்றார்கள். விளம்பரத்தையும் எடுத்துவிட்டார்கள். 2026 ஜனவரியில் கூகுளின் ஏஐ ஆன ஜெமினியை அடிப்படையாக வைத்துச் செய்யப் போகிறோம் என்று இரண்டு நிறுவனங்களும் சேர்ந்து அறிவித்தன. நல்ல விஷயம், நன்றாக வரட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் அதையும் நான் இருப்பதைச் சரி செய்கிற கணக்கில்தான் வைப்பேன். 2024-ல் சொன்ன வாக்கு அது. கொடுத்த வாக்கைக் காப்பாற்றிய பிறகு அடுத்த வாக்கைக் கொடுங்கள் என்பதில் என்ன தப்பு?

போட்டியில் பின்தங்கிவிடுவார்கள் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஏஐ விஷயத்தில் ஒரு வருஷம் சும்மா இருக்க முடியாது. ஆனால் ஐகான் வரைகிறவர் வேறு, பக் திருத்துகிறவர் வேறு, ஒருவர் வேலை இன்னொருவரைப் பாதிக்காது என்று அன்றிரவு ஒருவர் வகுப்பெடுத்தாரே, அதை மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள். வரைகிறவர் நூறு பேர் இருக்கலாம். வரைந்ததை எல்லாம் ஒவ்வொரு திரையாகத் திறந்து, எழுத்தைப் பெரிதாக்கி, இருட்டு மோடில் போட்டு, பழைய போனில் போட்டுப் பார்க்கிறவர்கள் அதே பத்துப் பேர்தான். அந்தப் பத்துப் பேரில் ஒருத்தியாக இருந்தவள் நான்.

2025-ல் ஆப்பிள் கொண்டுவந்த, கண்ணாடி போன்ற திரைத் தோற்றமான லிக்விட் கிளாஸையே எடுத்துக்கொள்ளுங்கள். அழகாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிந்தால் பின்னால் உள்ள படத்தின் மேல் எழுத்தை எப்படிப் படிப்பது என்று முதல் சோதனைப் பதிப்பிலேயே கேட்டார்கள். கோடை முழுக்க கூட்டியும் குறைத்தும் பார்த்துவிட்டு, நவம்பரில் ஐஓஎஸ் 26.1-ல் அடர்த்தியைக் கூட்ட ஒரு தேர்வு கொடுத்தார்கள். அதைக் கேட்டவர்களையும் பழசு பிடித்தவர்கள் என்றுதானே சொன்னீர்கள்?

பிடிக்காவிட்டால் அப்டேட் செய்யாதே என்பவர்களுக்கு: பாதுகாப்புத் திருத்தமும் பெரும்பாலும் அதே மூட்டையில்தானே வருகிறது? எத்தனை நாள் தள்ளிப்போட முடியும்?

சிரித்தவர்கள் யாருமே "உனக்கு ஏன் அப்படித் தோன்றுகிறது?" என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அப்பாவைப் பற்றிச் சொல்லியிருப்பேன். அப்பாவுக்கு கை கொஞ்சம் நடுங்கும். போனில் அவருக்குத் தெரிந்தது மூன்று வேலை: பச்சையைத் தட்டினால் பேசலாம், சிவப்பைத் தட்டினால் வைக்கலாம், என் படத்தைத் தட்டினால் எனக்குப் போகும். ஒரு நாள் நான்கு முறை கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மணி அடித்து அடித்து நின்றது. பதறி அடித்துக்கொண்டு போனேன். கதவைத் திறந்தவர் கையிலேயே போன் இருந்தது.

ராத்திரியோடு ராத்திரியாக அப்டேட் ஆகியிருக்கிறது. தட்டுகிற பச்சைக்குப் பதிலாக இழுக்கிற பச்சை. என் பெயர் வருகிறது, படம் வருகிறது, அவர் தட்டுகிறார், அந்த வட்டம் லேசாக ஆடிவிட்டு அங்கேயே நிற்கிறது. நான்கு முறையும் அப்படித்தான். என்னிடம் மெதுவாகச் சொன்னார், "எனக்குத்தான் விரல் போயிடுச்சோன்னு நெனச்சேன்மா." போன் மேல் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. தன் கை மேல்தான் வந்தது.

எந்தக் கம்பெனி போன் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். எல்லாருமே மாற்றுகிறார்கள். மாற்றியவருக்கு ஒரு காரணம் இருந்திருக்கும், பாக்கெட்டில் தவறுதலாகப் பட்டு எடுத்துவிடக் கூடாது என்று நினைத்திருக்கலாம். ஆனால் நடுங்குகிற விரலால் ஒரு முறையாவது அதை இழுத்துப் பார்த்தார்களா? பட்டன் போன் வாங்கச் சொன்ன தம்பி, அப்பா பேரனின் முகம் பார்ப்பது அந்தப் போனில்தான். பட்டன் போனில் பேரன் முகம் எப்படித் தெரியும்?

ஒப்புக்கொள்கிற பெரிய மனசு இந்தத் துறையில் இல்லாமல் இல்லை. 2011-ல் ஐகிளவுட் என்ற இணையச் சேமிப்புச் சேவையை அறிமுகப்படுத்த வந்த ஸ்டீவ் ஜாப்ஸ், அதற்கு முன் சொதப்பிய மொபைல்மீ சேவையைக் கொண்டுவந்த இவர்களை எப்படி நம்புவது என்று நீங்கள் கேட்கலாம் என்று தானே மேடையில் ஆரம்பித்தார். 2018-ல் ஐஓஎஸ் 12-ஐ வேகத்துக்காகவே கொண்டுவந்து, 2013-ன் ஐபோன் 5எஸ் வரைக்கும் கொடுத்தார்கள். ஐபோன் 6 பிளஸில் கேமரா 70 சதவீதம் வரை வேகமாகத் திறக்கும் என்று எண் சொன்னார்கள். பழைய போனை வைத்து எண் சொன்ன அந்த உரை எனக்கு இன்னும் பிடிக்கும். அப்படி ஒன்றைத்தான் இந்த வருஷமும் கேட்டேன். அதற்குத்தான் சிரித்தீர்கள்.

நான் இந்த உரையையும் பார்ப்பேன். கடைசி வரை பார்ப்பேன். அப்பா அன்றைக்கே ஒரு சின்னத் தாளில் "தட்டாதே, இழு" என்று எழுதி போனின் பின்பக்கம் ஒட்டி வைத்துக்கொண்டார். நேற்று அவர் திரையில் அப்டேட் வந்திருப்பதாகச் சிவப்பில் ஒன்று தெரிந்திருக்கிறது. தொடவே இல்லை. நான் போனதும் போனை என் பக்கம் நீட்டி, "இதைப் போட்டா பச்சை மறுபடி மாறிடுமா?" என்று கேட்டார். தெரியலப்பா என்றேன். அவர் அந்தத் தாளின் ஓரத்தை நகத்தால் மெல்ல நெருடிக்கொண்டிருந்தார், கிழித்துவிடலாமா, இருக்கட்டுமா என்று.